கை காட்டிய தீவு

தொண்ணூறுகளில் நாங்கள் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்தோம். ஒரு கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்து பக்கம் ஆளரவமே இல்லாத ஒரு தீவுக்குப் போய், வாடகைக் காரில் சுற்றினோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரமே இல்லாத மலை, நடுவில் ஒரே ஒரு கார் போகிற அகலத்துக்கு ரோடு. அந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்துக்கொண்டே நானும் கணவரும் மெதுவாகப் போனோம்.

எப்போதாவது எதிரே வந்த கார்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஓட்டியவர்கள் அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "என்னங்க, டயர் பஞ்சரா? ஓரமா பார்க் பண்ணுங்க."

அவர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "டயர் நல்லாத்தாம்மா இருக்கு."

அடுத்து வந்த தபால் வண்டியை நிறுத்தி, ஓட்டி வந்த பெண்மணியிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"காருக்கு ஒன்றுமில்லை. இங்கே மனிதரைப் பார்ப்பதே அபூர்வம். பார்த்தால் கை காட்டாமல் எப்படிப் போவது?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவ்வளவு பெரிய மலைக்கும் கடலுக்கும் நடுவே எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்த எங்களை, ஒருவர் விடாமல் மதித்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய வாரம், நெரிசலான எல் கமினோ ரியல் சாலைச் சிக்னலில் பக்கத்துக் கார்க்காரரைப் பார்த்து என்னையறியாமல் கை தூக்கினேன். அவர் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினார்.

"என் டயரில் ஏதாவது பிரச்சினையா?"