ஏழாம் எண் மேற்கோள்

போன வாரம் கோவையில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். புவியியல் துறை மாணவிகள் இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரைகள் எழுதுகிறார்கள். தலைப்பு, மானிடப் புவியியல். இணையத்தில் ஏற்றும் முன் வெளியாள் ஒருவர் படித்து மார்க் போட வேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். மறுக்கவா முடியும்? சிவப்புப் பேனாவோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

நந்தினி என்ற மாணவியின் கட்டுரை, கிராமங்களிலிருந்து மக்கள் இடம்பெயர்வதைப் பற்றியது. அருமை! தெளிவான நடை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு மேற்கோள் எண். ஆதாரத்துக்கு முழு மார்க் போட்டுவிட்டுத்தான் அடிக்குறிப்புகளைப் பார்த்தேன் — நான் அப்படித்தான், எதையும் தலைகீழாகத்தான் செய்வேன்.

ஏழாம் எண்ணில் என் பெயர்!

சில வருடங்களுக்கு முன் இந்த இதழில், இதே வாரப் பத்தியில் நான் எழுதியது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தேன். காரமடைப் பக்கம் ஒரு சிற்றூரைச் சொல்லி, 'நகர வசதிகளுக்கு ஆசைப்பட்டு இவ்வூர் மக்கள் நிலங்களை விற்று வெளியேறினர்' என்று இருந்தது.

"இந்த ஊரைப் பாத்திருக்கியா அம்மணி?"

"எங்க ஊருங்க சார்."

"அட! அப்ப நான் எழுதுனது சரிதான?"

நந்தினி திரும்பிப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பேராசிரியை, "சும்மா சொல்லு கண்ணு" என்றார்.

"இல்லீங்க சார். நாலு போர் போட்டும் தண்ணி வரலீங்க. மாட்டுக்கே தண்ணியில்லைன்னுதான் வெள்ளாமக் காட்டை வித்துப்போட்டு வந்தோமுங்க. அப்பா இப்ப ஆர்.எஸ்.புரத்துல ஒரு அபார்ட்மென்ட்டுல வாட்ச்மேனுங்க."

பேனாவை மூடி வைத்தேன். "அப்புறம் ஏன் இதை எழுதுன?"

"நாங்க சொன்னா ஆதாரம் கேப்பாங்க சார். எங்க ஊரப் பத்தி அச்சுல கிடைச்சது நீங்க எழுதுனது மட்டுந்தானுங்க." தன் கட்டுரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "அப்பாகிட்டப் படிச்சுக் காட்டுனேனுங்க. 'ஆசப்பட்டு வந்தோம்னா போட்டிருக்குது?'ன்னு கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாருங்க. ரெண்டு நாளா எங்கிட்டப் பேசலீங்க."

அந்த வரி எனக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், பாயசத்துக்கு நடுவே சொன்னது. நான் அந்த ஊர் மண்ணை மிதித்ததுகூட இல்லை. நான் எழுதி அச்சில் வந்தது, ஆதாரமாகிவிட்டது. அனுபவித்தவர் வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. கலைக்களஞ்சியத்தின் அந்த விதிமுறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எழுதினால் கலைக்களஞ்சியம் என்னத்துக்கு ஆகும்? இஷ்டத்துக்கு எழுதியது நான்தான்... வெட்கமாக இருக்கிறது.

"சார், மார்க்?" என்றார் பேராசிரியை. நந்தினிக்குப் போட்டதை மாற்றவில்லை. கட்டுரையை மட்டும் இரண்டு வாரம் ஏற்றாமல் வைத்திருக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காரமடைக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோ. அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை! நந்தினி வீட்டார் விற்ற காட்டில் நாலு போர்க்குழிகளையும் கல் வைத்து மூடியிருக்கிறார்கள். ஊரில் மிச்சமிருக்கும் மூன்று வீடுகளிலும் விசாரித்தேன். "ஏனுங்க, சொந்தக் காட்ட உட்டுப்போட்டு யாருங்க ஆசப்பட்டுப் போவாங்க?" என்றார் ஓர் அம்மா, தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை வைத்துக்கொண்டே.

அதனால் எழுதுகிறேன். அந்த ஊர் மக்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. தண்ணீர் இல்லாமல் போனார்கள். முன்பு நான் எழுதியது தவறு.

நந்தினி, ஏழாம் எண்ணில் இனி இந்த வாரப் பத்தியைப் போட்டுக்கொள். அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டிவிடும்மா.