வல்லம் குளத்து முண்டக்கண்ணியும் மூடியில்லாத வாளியும்

1991 புரட்டாசியில் ஒரு மீனுக்குத் துணை தேடி வல்லம் போனேன். குன்றத்தூரில் எங்கள் கண்ணாடித் தொட்டியில் முண்டக்கண்ணி ஒன்று தனியாக இருந்தது. அரை விரல் நீளம், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு, எப்போதும் நீர்மட்டத்திலேயே நிற்கும். பெண் மீன் இறந்துவிட்டது. வேறு பெண் கிடைக்காவிட்டால் என் தொட்டியில் அந்த வம்சம் முடிந்தது.

காலை ஆறரைக்குப் புறப்பட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன் (பேருந்து எப்போது என்று மூவரைக் கேட்டால் மூன்று பதில்). ஒரு வழியாக வல்லம் வழியே போகும் ஒரகடம் வண்டி வந்தது. வல்லம் குளத்தில் பாசி வாரிக்கொண்டிருந்த பெண்மணி என் வலையில் துள்ளிய மீன்களைப் பார்த்தார்.

“இன்னா சார், இது கொழம்புக்கு ஆவுமா?”

“வளர்க்கம்மா.”

“இதையா? கொசு வளத்தாக்கூட இத்தவிடப் பெருசா வரும்!”

நான் பிடித்து வாளியில் விட்ட ஒன்பது மீன்களின் மேல் இரண்டு கை பாசியைப் போட்டார், தண்ணீர்க் குடத்தில் இலை போடுவதுபோல. “பஸ்ஸு குலுக்கும், தண்ணி சிந்தாது.” அவர் எதிரில் எடுத்துப்போட மனமில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மீனுக்குக் காற்று வேண்டுமே என்று, யோசித்துத்தான் வாளி மூடியை வீட்டிலேயே வைத்திருந்தேன். பாசி அந்தக் காற்றை அடைத்துவிடாதா? பேருந்தில் ஏறியதும் அதை எடுத்துத் துணிப்பையில் திணித்தேன். ஜன்னலில் எறிந்தால் யாராவது திட்டுவார்களோ என்று பயம். முதல் பள்ளத்திலேயே ஒரு மீன் துள்ளிப் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் விழுந்தது.

“யோவ், மீனு எம்மேல எகிறுதுய்யா!”

நடத்துநர் வந்தார். “அதுக்கு டிக்கெட் எடுத்தியா சார்?”

பேருந்தே சிரித்தது. அடுத்தடுத்த பள்ளங்களில் மற்ற மீன்களும் துள்ள, நான் இருக்கைகளுக்கடியில் தவழ்ந்தேன். குன்றத்தூரில் இறங்கும்போது மிச்சம் இரண்டு. இரண்டும் ஆண்.

“மீனுக்குப் போயிட்டுக் குப்பையோட வந்திருக்கீங்களே!” என்றாள் மனைவி. எரிச்சலில் பாசியைக் கொல்லைப்புறச் சிமெண்ட் தொட்டியில் வீசினேன்.

இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். “தொட்டியில என்னவோ ஓடுது. கொசுப்புழுவா பாருங்க.”

கொசுப்புழுவுக்கு உச்சந்தலையில் பொட்டு கிடையாது. முண்டக்கண்ணி பாசியில்தான் முட்டையை ஒட்டிவைக்கும் என்று புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்தவன் நான். என்ன பிரயோசனம்?

மீன் தேடிப் போகிறவர்களுக்கு: வாளிக்கு மூடி கொண்டுபோங்கள். கொஞ்சம் பாசியும் எடுத்துவாருங்கள், ஈரம் காயாமல். குஞ்சுகளோடு பெரிய மீனை விடாதீர்கள், தின்றுவிடும். பேருந்து நேரத்தை ஒருவரிடம் மட்டும் கேளுங்கள்.

குஞ்சுகளில் ஆண் எது, பெண் எது என்று தெரியச் சில மாதங்கள் ஆயின. முதல் பெண்ணை நான் அடையாளம் கண்ட அன்று, பழைய ஆண் இன்னும் உயிரோடு இருந்தது.