வர்ணனையைத் தாண்டி வாசித்தவள்

அறுபதுகளில் தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் பிற்பகலில்தான் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்களுக்கு என் கொழுந்தனார் மனைவி தொடர்கதை வாசித்துக் காட்டுவாள். மாட்டுங்காவில் வேலை பார்த்த கொழுந்தனார் வாராவாரம் பத்திரிகை வாங்கி வருவார். மாமியார் பேசினால் ஒரு குரல், மருமகள் பேசினால் வேறு குரல் என்று அவள் வாசிப்பாள். நானும் அவளைப் போல எட்டாவது படித்தவள்தான். ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு வார்த்தை குழறும். அவளைச் சுற்றிக் கூட்டம் உட்காருவதைப் பார்க்க வயிறு எரியும்.

கதை கடலோரத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. பக்கத்தில் உப்பளம் வந்தபின் வீட்டில் சண்டை மூளுகிறது. மூத்த மருமகள் கைக்குழந்தையோடு தாய்வீடு போய்விடுகிறாள்.

"புருசன விட்டுட்டுப் போயிட்டாளே, திமிரு பிடிச்சவ!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு மட்டும் காரணம் தெரியும். மறுநாள் பத்திரிகை என் கைக்கு வந்ததும் ஒரு வரி விடாமல் படிப்பேன். கொழுந்தனார் மனைவியோ காற்று, மண், தண்ணீர் பற்றி வரும் பக்கங்களைத் தாண்டிச் சண்டைக்குப் போய்விடுவாள். "வர்ணனைதானக்கா, அத யாரு கேப்பா?" என்பாள். அந்த வர்ணனையில்தான் எல்லாம் இருந்தது. கிணற்றுச் சுவரில் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. முருங்கை பட்டுப்போகிறது. பருப்பு வேக மறுக்கிறது. குழந்தை தண்ணீரைத் துப்புகிறது. எழுதியவர் மருமகளுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை, கிணற்றைக் காட்டினார், அவ்வளவுதான். அதைப் படிக்கும்போது எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த தோல் கிடங்கு நாற்றம்கூட எனக்கு எட்டாது. உப்புக்காற்றுதான் முகத்தில் அடிக்கும்.

அடுத்த வாரமும் மருமகளை ஏசினார்கள். என் கூடப்பிறந்தவளைச் சொன்னதுபோல வலித்தது.

"அவ மேல தப்பில்ல," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். வீட்டிலிருந்து பழைய இதழை எடுத்துவந்து கிணறு வரும் பக்கத்தை வாசித்தேன். குரல் நடுங்கியது. ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஆனால் குழந்தை துப்பும் இடத்தில் எதிர்வீட்டுக்காரி நிமிர்ந்தாள்.

"பச்சப்புள்ள என்னத்தக் குடிக்கும்? போகாம என்ன செய்வா?" என்றவள் கொழுந்தனார் மனைவியிடம், "ஏளா, இத ஏன் நீ வாசிக்கல?" என்று கேட்டாள்.

அவள் முகம் சுண்டியது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதற்குள், "பானி ஆ கயா!" என்று சந்து முனையில் யாரோ கத்த, தண்ணீர் பிடிக்கக் கூட்டம் கலைந்தது.

அந்த இனிப்பு ஒரு வாரம்தான் இருந்தது. அடுத்த இதழில் அவள் ஒரு வரியையும் விடவில்லை. காற்றுக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். மருமகள் இல்லாத வீட்டு முற்றத்தில் உப்புமண் பறந்ததை அவள் வாசித்தபோது யாரும் அசையவில்லை. தனியாகப் படிக்கும்போது எனக்கு ஒருநாளும் தெரியாத துக்கம் அதில் இருந்தது. என் கண்ணே கலங்கியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒன்ன மாரி வாசிக்க ஆரு இருக்கா!" என்றாள் எதிர்வீட்டுக்காரி அவளிடம்.

அவளோ என்னைத்தான் பார்த்தாள். "சரியா வாசிச்சனாக்கா?"

"ம்" என்றேன். அதற்குமேல் ஒரு சொல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.