ஒரே டிரான்ஸ்பார்மர்

எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கும் கீழ்வரிசை வீடுகளுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் மின்சாரம். தொழிற்சாலையைச் சிறியதாகத் தொடங்கியபோது அது போதுமானதாக இருந்தது.

பிறகு வடக்கிலிருந்து தூளுக்கு ஆர்டர் பெருகியது. குன்னூர் ஏலத்தில் எங்கள் சரக்கு தேங்கவே இல்லை. இலை வாட்டும் தொட்டிகளை இரண்டு மடங்காக்கினேன். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பெரிய மின்விசிறி. மழைக்காலத்து ஈர இலைக்கு அவை ஓயாமல் ஓட வேண்டும். முதலில் தனி டிரான்ஸ்பார்மர் வையுங்கள் என்றார் மின்வாரியப் பொறியாளர். சீசன் முடியட்டும் என்றேன். அவருக்குத் தெரியாமல் புது விசிறிகளை இணைக்கச் சொன்னவன் நான்தான். இலையைத் திருப்பி அனுப்பினால் விவசாயி வேறு தொழிற்சாலைக்குப் போய்விடுவார் என்ற பயம்.

கீழ்வரிசையின் முதல் வீட்டில் இருப்பவர் எங்கள் தொழிற்சாலையில் தூள் உலர்த்தும் அடுப்பை எரித்து ஓய்வுபெற்றவர். ஆக்சிஜன் இயந்திரம்தான் அவருக்கு மூச்சு. இந்த ஆடி மழையில் ஒரு மதியம் அவர் மனைவி நனைந்தபடி வந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க பேக்டரி மூச்சு வாங்குறப்பல்லாம் எங்கூட்டுக்காரருக்கு மூச்சு நிக்குதுங்க. மிசினு கத்துது. மாத்து சிலிண்டரும் தீந்துபோச்சு. வந்து பாருங்க."

போனேன். வோல்டேஜ் இறங்கிப் பல்பு மங்கிக் கிடந்தது. இயந்திரம் விடாமல் கூவியது. அவர் வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையை இப்போது நடத்தும் மகனுக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

"புது விசிறி எல்லாத்தையும் நிறுத்து."

"தொட்டி நெறைய எலை கெடக்குதுங்கப்பா. காத்து இல்லீன்னா சூடேறிப் புளிச்சுரும்."

"புளிக்கட்டும்."

"எலைய மட்டும் திருப்பாதேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன். நிறுத்துடா."

சற்று நேரத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது. கூவல் நின்றது. அவர் கண் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மேலே ஏறினேன். வாசலில் இலை மூட்டைகளோடு வண்டிகள் நின்றன.

"ஏனுங்க, எலை எடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்றார் முதல் வண்டிக்காரர்.

"தனி டிரான்ஸ்பார்மர் வர்ற வரைக்கும் பாதிதாங்க."

"அப்ப மீதிப் பாதியச் செடியிலயே ஒட்ட வெச்சுட்டு வரட்டுங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வண்டியைத் திருப்பினார். இன்னொன்றும் திரும்பியது. போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

உள்ளே போய்ப் புது விசிறிகளின் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டினேன். சாவியைக் கீழே கொண்டுபோய் அவர் மனைவியிடம் கொடுத்தேன். என்னிடம் இருந்தால் அடுத்த வண்டிக்கே திறந்துவிடுவேன்.