பூத்த பயிரில் பசுக்கள்

சித்தையன்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருந்த மேய்ச்சல் நிலம் ஐம்பதுகளின் நடுவில் மொட்டையாகிவிட்டது. மாடு வாய் வைக்காத ஆவாரையும் எருக்குமே எஞ்சின. நான்கு பசுக்களையும் விற்றுவிடுவதென்று என் கணவர் முடிவு செய்தார். அவற்றின் பால்தான் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் அபிஷேகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நின்றுபோக என் மனம் ஒப்பவில்லை. அவகாசம் கேட்டேன்.

“ரெண்டு மழை பாரு. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது” என்றார்.

முதல் மழைக்கு நிலத்தை உழுது நரிப்பயறும் கொள்ளும் கலந்து விதைக்கச் செய்தேன். அறுப்பதற்கு அன்று, மேய்ப்பதற்கு. பயற்றின் வேர் மண்ணைத் தேற்றும், மேய்கிற மாட்டின் சாணமும் அங்கேயே விழும் என்பது என் எண்ணம். பயிர் பூத்ததும் ஒரு காலை, வெறும் வயிற்றில் பச்சைத்தழை தின்றால் உப்புசம் காணும் என்பதால் முதலில் வைக்கோல் கொடுத்து, பிறகு பசுக்களை உள்ளே அவிழ்த்துவிட்டேன். வரப்பில் அமர்ந்து கண்மூடிப் பதிகம் பாடினேன்.

கண் திறந்தபோது பசுக்களைக் காணோம். பக்கத்து நிலத்துக்காரர், எனக்குக் கொழுந்தன் முறை, பயிரில் விழுந்த மாடுகளை அடைக்கும் பவுண்டுக்கு அவற்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

“யாரு மாடோ, ஒங்க பயித்த மேஞ்சிருச்சு மதினி. நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பாடுறீக!”

“எங்க மாடு கொழுந்தனாரே. நான்தான் அவுத்துவிட்டேன்.”

“பூத்த பயித்துலயா?” தலையில் கை வைத்தார். “சாமிப்பாட்டு முத்திப்போச்சு. அண்ணன்கிட்டச் சொல்லி மந்திரிக்கணும்.”

“மந்திரிக்கிறது இருக்கட்டும். மொதல்ல மாட்ட விடுங்க.”

ஊரே சிரித்தது. மறுநாள் முதல், கேட்பாரற்ற மாடென்று எவரும் எண்ணாதபடி, முளையடித்துக் கயிற்றில் கட்டினேன். அதுவே நல்லதாயிற்று. தினமும் முளையை இடம் மாற்ற, மேய்ந்த பகுதி மறுபடி துளிர்த்தது. இரண்டாம் மழைக்கு எஞ்சிய தழையைச் சாணத்தோடு உழுது, ஒருமுறை வேர்பிடித்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். முளைப்பு திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகே நிலம் மூடியது.

தை பிறந்ததும் கணவர் மாட்டுத் தரகரை அழைத்துவந்தார். அவரை வேலியோரம் நிறுத்திவிட்டுப் புல்லுக்குள் நெடுநேரம் நடந்தார். குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை.

“போய்ட்டு வாங்க அப்பு. மாடு விக்கிறாப்ல இல்ல.”

அடியவர்க்குப் பணிவே அழகு என்று நாள்தோறும் பாடுகிறவள் நான். அந்த நிலத்தின் முன் நிற்கும்போது மட்டும் எனக்குப் பணிவு வருவதில்லை.