மூடுபனிக்குள் மெங்கியா கொடுத்த குரல்

ஆல்ப்ஸ் மலை மேய்ச்சலுக்குப் பால் கறக்க நான் போன ஆறு கோடைகளிலும் அங்கே சீஸ் காய்ச்சியவள் மெங்கியா. ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணமான வருஷமே புருஷனிடம், கோடை முழுக்க என்னைத் தேடாதே என்று சொல்லிவிட்டாளாம். அவரும் தேடியதில்லை.

ஒரு ஆகஸ்ட் காலை, விடியும்போதே பனி கொட்டியது. நாற்பத்திரண்டு மாடுகளும் மேல் புல்வெளியில் இருந்தன. அதன் ஓரத்தில் செங்குத்துப் பாறை. ஓட்டிவரப் போன மேய்ப்பர் ஃப்ளுரின், கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு தனியாகத் திரும்பினார். நீட்டிய கை தெரியாத மூடுபனி, விரட்டினால் மாடுகள் மிரண்டு பள்ளத்தில் விழும் என்றார்.

செப்புக் கொப்பரையில் சீஸுக்கான பால் உறைந்து, உடனே வெட்டவேண்டிய பதத்தில் இருந்தது. மெங்கியா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பாலு போனா போகுது. நீ என்கூட வா. பேசாத, காலை மட்டும் பாத்து வை."

மேட்டின் பாதியிலேயே நின்றுவிட்டாள். கைகளை வாயருகே குவித்து, கறவை நேரத்தில் கூப்பிடும் அதே இழுப்பில், அவசரமே இல்லாமல் குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி அசைந்தது. அப்புறம் இன்னொன்று. வெள்ளைக்குள்ளிருந்து மாடுகள் ஒவ்வொன்றாக வந்து, எங்களை உரசிக்கொண்டு இறங்கின. அவள் கண்ணை மூடியபடி, உருவம் தெரியுமுன்பே மணிச்சத்தத்தை வைத்துப் பெயர் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நாற்பத்தொன்று போனதும், "பிரீமா வரல" என்றாள்.

குரல் கம்மும்வரை கூப்பிட்டாள். அரைமணி கழித்து, இமையெல்லாம் பனி உறைந்த பிரீமா வந்தது. மெங்கியா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அதன் கண்களைத் துடைத்தாள்.

"மகாராணிக்கு இப்பத்தான் பொழுது விடிஞ்சுதா?"

மணிகளை எப்படிப் பிரித்தறிகிறாள் என்று கேட்டேன்.

"உன் வீட்ல யாரு படியேறுறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"எங்க வீட்ல நாலே பேருதான்" என்றேன். அவள் பிரீமாவின் பின்னே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

நடுப்பகலில் மூடுபனி விலகியது. நானும் ஃப்ளுரினும் குடிசை வாசலிலிருந்து மேலே பார்த்தோம். பனியில் குளம்புத் தடம், பாறை விளிம்பை ஒட்டியே ஒற்றை வரிசையாக வந்து, அவள் நின்ற இடத்தை நோக்கி வளைந்திருந்தது. விளிம்புக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. ஃப்ளுரின் தொப்பியைக் கழற்றினார். உள்ளே மெங்கியா, கெட்டுப்போன பாலை வழித்துப் பன்றிகளுக்கு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.