மிக்ஸரில் ஏறாத கிட்டார்

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் இணையத்தில் வந்த ஒரு பட்டியலை அனுப்பியிருந்தார். உரிய பெயர் கிடைக்காமல் போன ராக் கிட்டாரிஸ்டுகள், இருபத்தைந்து பேர். பட்டியல் என்றால் நான் விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். காய்கறிக்குப் பட்டியல், ஊருக்குக் கிளம்பினால் பட்டியல் என்று இருப்பவள் நான். முடித்துவிட்ட வேலையைக்கூட எழுதிவைத்து, அதன்மேல் ஒரு கோடு போட்டுத் திருப்திப்படுவேன். வீட்டுக்குத் திரும்புகையில் உக்கடத்தில் பஸ் நகராமல் நின்ற அரை மணி நேரத்தில் இருபத்தைந்து பேரையும் படித்து முடித்தேன்.

எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் நாலைந்து ஆல்பங்கள், மேடைப் படங்கள், கீழே கேட்டுப்பார்க்க ஒரு லிங்க். இவர்களுக்கே பெயர் கிடைக்கவில்லை என்றால், பெயர் என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கவனிக்கப்படாதவர் என்று எழுதப்படுவதற்கும் ஒருவர் கொஞ்சமாவது கவனிக்கப்பட்டிருக்க வேண்டும் போல.

நான் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். என்ஜின் பெட்டிமேல் படிந்திருந்த தூசி சூடேறி ஒரு வாசனை வந்தது. கொஞ்சம் கருகல், கொஞ்சம் பழைய துணி. அந்த வாசனையோடு இருபத்தாறாவது பெயர் தானாக வந்துவிட்டது. கதிர்.

கதிருக்கு அன்னூர்ப் பக்கம். வாழையும் கறிவேப்பிலையும் போட்டிருந்த குடும்பம். கல்லூரியில் நான் எலெக்ட்ரானிக்ஸ், கதிர் மெக்கானிக்கல், ஒரே ஆண்டு. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் எங்கள் லேப் வாசலில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. சாக்குக்குள் ஒரு பழைய கிட்டார் ஆம்ப், கம்பியின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி. கலைந்துபோன ஏதோ மெல்லிசைக் குழுவிடம் வாங்கியது. உள்ளே கண்ணாடிக் குமிழ்களாக வால்வுகள். அந்த மாதிரியை நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாத்துத் தர முடியுங்களா? அவசரமில்லீங்க. நாளைக்குக் கெடச்சாப் போதும்."

ஒரே வயதுக்காரியை இப்படி 'ங்க' போட்டு அழைத்தால் லேபில் சிரிக்காமல் என்ன செய்வார்கள். கதிருக்கு அது உறைக்கவே இல்லை. கன்டீனில் டீ ஊற்றுகிறவர், லேப் நாய், எல்லோருக்கும் அதே மரியாதைதான். நாயிடம் "அக்கட்டால போங்க" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இரண்டு கெபாசிட்டர்களை மாற்றி, மூன்றாம் நாள் ஆம்ப்பை உயிர்ப்பித்தேன். வால்வுகள் சிவந்து, மேலிருந்த தூசி கருகி, அந்த வாசனை லேப் முழுக்கப் பரவியது. கதிர் கிட்டாரைச் செருகி ஒரு கம்பியை மெதுவாக மேலே தள்ளியது. (எங்கள் பக்கம் வேண்டியவர்களை 'அது' என்றும் சொல்வோம். மரியாதைக் குறைவாக நினைக்கவேண்டாம்.) அந்தச் சுரம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு நூல் கீழே போய் நின்றது. எட்டவில்லை. எட்டுமா என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் சேர்த்தது. அதற்குப் பின்னும் முன்னும் எத்தனையோ வேகமான விரல்களைக் கேட்டுவிட்டேன். அப்படிக் காக்க வைத்தவர்கள் குறைவு.

நியாயமாகச் சொன்னால் என் பட்டியலில் இருப்பது கதிர் மட்டும் இல்லை. காரமடைத் தேருக்கு வந்த ஒரு மெல்லிசைக் குழுவில், சினிமாப் பாட்டின் இடையிசையில் கிடைத்த நான்கு நொடிக்குள் சுத்தமான ராக் சோலோ ஒன்றை நுழைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல விபூதியைச் சரிசெய்துகொண்ட ஒருவர் இருந்தார். அவர் பெயரை மேடையில் சொல்லவே இல்லை. எங்கள் தெருவின் கடைசி வீட்டு அக்கா சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் பாமாலைப் பாட்டுக்குக் கீழே முரட்டுத்தனமாகக் கிட்டார் கம்பிகளை அறைந்து வாசிப்பார். சபை ஊழியர் திரும்பிப் பார்த்தால் உடனே பூப்போல வருடுவார். இவர்களை எல்லாம் யார் எழுதி வைக்கப் போகிறார்கள்.

கல்லூரி முடிந்து நான் ஒரு கன்ட்ரோல் பேனல் கம்பெனியில் சேர்ந்தேன். கதிர் பம்ப் தயாரிக்கும் ஓர் இடத்தில் சோதனைப் பிரிவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேண்ட். பாடுவது ஆல்வின். சிட்டிக்காரன், வாய் அதிகம், குரல் அதைவிட அதிகம். இன்னும் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் ஆள் இருந்தது. எனக்கு மிக்ஸர். நான்கு பேர் வாசிப்பதை ஒரு பெட்டிக்குள் சேர்த்து, எது எவ்வளவு கேட்கவேண்டும் என்று குமிழ்களைத் திருகி வைக்கும் வேலை. என்னைப் போன்றவளுக்குச் செய்துவைத்த வேலைதான். முப்பத்தொரு வரியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருந்தேன். லேமினேட் செய்து, டிக் போட்டு அழிக்கிற மாதிரி.

அந்த பேண்டில் ஒரே ஒரு தொந்தரவுதான். கதிர் தன் சத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாட்டு தொடங்கியதும் ஆல்வின் முகத்தைப் பார்க்கும், பிறகு குமிழைக் கொஞ்சம் கீழே. முன்வரிசையில் யாராவது வயதானவர்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே. பெரிய சோலோ ஒன்றை முடித்துவிட்டு, எதிரே காதைப் பொத்திக்கொண்டிருந்த பெண்மணியிடம் மேடையிலிருந்தே "சிரமத்துக்கு மன்னிக்கோணுங்க" என்று கும்பிட்டது.

"மாப்ள, நீ என்ன பந்தியிலயா நிக்கற, ரசம் வேணுங்களா பொரியல் வேணுங்களான்னு கேக்கறதுக்கு? இது ராக் ஷோடா" என்பான் ஆல்வின்.

"செரி செரி. அடுத்த பாட்டுல ஏத்திப்போடறேன்."

ஏற்றாது.

ஒருமுறை அன்னூருக்குப் போயிருந்தபோது கதிரின் அம்மா எனக்கு இட்லி வைத்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொட்டி சூடேறறதுக்குள்ள நான் ஒரு ஈடு இட்லி ஊத்திப்போடுவேன் அம்மணி. ஆனா பாரு, ஒருநா அவன் வாசிக்காம இருந்தா ஊடு என்னமோ மாதிரி இருக்குது." கதிரைப் பற்றி யாரும் எழுதிய விமர்சனம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அப்புறம் அந்த வாய்ப்பு வந்தது. ஊர் ஊராகப் போய் வாசிக்கிற ஒரு பெங்களூர் பேண்டில் கிட்டாரிஸ்ட் விலகிவிட்டார். யாரோ கதிர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: முழு பேண்டோடு, ஆட்கள் முன்னால் மேடையில் வாசித்த பதிவு. அறையில் தனியாக உட்கார்ந்து எடுத்தது வேண்டாம். புதன்கிழமைக்குள் வேண்டும். எங்களுக்கு அந்த ஞாயிறு மதியம் ஆல்வினின் சர்ச் பங்கு ஹாலில் இளைஞர் நிகழ்ச்சி இருந்தது. அதுதான் கடைசி நிகழ்ச்சியும்கூட. மறுநாள் ஆல்வினுக்கு டொராண்டோ விமானம். கிடைத்தால் வேலையை விட்டுவிடுவதாகக் கதிர் வீட்டில் சொல்லிவிட்டது. கதிர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான். "நல்லா எடுத்துத் தாங்க. உங்கள நம்பித்தான்" என்றது.

நான் காலையிலேயே போய்விட்டேன். முப்பத்தொரு வரியையும் டிக் செய்தேன். பதினேழாவது வரி, கிட்டார் ஆம்ப் முன்னால் மைக். டிக். மிக்ஸரில் ஐந்தாம் சேனல், டிக். மிக்ஸருக்குள் வருவது எல்லாம் என் லேப்டாப்பில் பதிவாகும். டிக்.

நிகழ்ச்சி தொடங்கும்போது பங்குத் தந்தை பேச எழுந்தார். அவர் கையிலிருந்த மைக் செத்துப்போயிருந்தது. நான் பேட்டரி தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஃபாதர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். மைக் எப்படி உயிர்பெற்றது என்று நான் யோசிக்கவில்லை. யாரோ சரிசெய்துவிட்டார்கள், ஒரு வேலை மிச்சம் என்றிருந்தது. அவர் முடித்ததும் மைக்கை அணைத்து மேசையில் வைத்தார். கைதட்டினார்கள். பேண்ட் தொடங்கியது.

அன்றைக்குக் கதிர் சத்தத்தைக் குறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக. ஆம்ப்பிலிருந்து நேராக ஹால் நிரம்பியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஃபாதர் எழுந்துபோவார் என்று பயந்தேன். அவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம். நான் ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்த்தேன், அதையும் மீறி ஹாலின் சத்தம் காதுக்குள் வந்தது, எல்லாம் பதிவாகிறது என்றே நினைத்தேன். ஐந்தாம் சேனலின் பச்சை விளக்கு எரியவில்லை. என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் அது எரியாமல் இருந்தது. டிக் போட்டதை நான் மறுபடி பார்ப்பதில்லை. அதற்காகத்தானே டிக்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். டிரம்ஸ் இருந்தது, பேஸ் இருந்தது, ஆல்வின் பளிச்சென்று இருந்தான். கிட்டார் இல்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் கதிருக்குப் போன் செய்து, மைக் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்தப் பக்கம் பம்ப் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே சொன்னது.

"ஃபாதர் பேச முடியாம நின்னுட்டிருந்தாருங்க. நீங்க வேற அக்கட்டால போய்ட்டீங்க. அதான் என்ற மைக்கக் கழட்டி அவருக்குக் குடுத்துப்போட்டேன். ஆம்ப் சத்தம் ஹாலுக்குப் போதும்னு நெனச்சனுங்க."

"ஹாலுக்குப் போதும். பதிவுக்கு?"

"அது தோணலீங்க."

"எனக்குத் தோணியிருக்கணும் கதிர்."

"உடுங்க. நீங்க சாப்டாச்சுங்களா?"

போனில் படம் எடுத்தவர்கள் சிலர் இருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் எல்லாமே கரகரவென்று கிழிந்திருந்தது. ஆல்வின் அப்போது வானத்தில் இருந்தான். மறுபடி மேடைக்கும் ஆட்களுக்கும் புதன்கிழமைக்குள் வழியில்லை. பெங்களூர்க்காரர்கள் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களிடம் கதிர் என்ன சொன்னது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆல்வின் ஏதோ பேச்சில் போனில் சொன்னான். "உனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஆம்ப் வேலை செய்யலன்னு சொல்லிட்டானாம். மைக், மிக்ஸர்னு சொன்னா உன்ன ஏதாவது சொல்லுவாங்களாம். ஆம்ப்ப ரிப்பேர் பண்ணினதும் நீதான்னு அந்த லூசுக்கு ஞாபகம் இல்ல." சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தச் சரிபார்ப்புப் பட்டியலின் லேமினேட் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முப்பத்திரண்டாவது வரிக்கு இடம் இல்லை.

இதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கப் போனால் கதிர் திருப்பி என்னிடம் கேட்டுவிடும். அந்த அலுப்பில் வருடங்கள் போய்விட்டன.

கதிர் இப்போது அன்னூரிலேயே சொட்டுநீர்ப் பாசனக் குழாய் போட்டுக்கொடுக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டாரை உறவுக்காரர் பிள்ளை கேட்டதால் கொடுத்துவிட்டது. ஆம்ப்பின் வால்வு போய், அந்த வகை கிடைக்காமல், பெட்டி மட்டும் கொஞ்ச நாள் அதன் கடையில் ஸ்டூலாக இருந்தது. போன முறை போனபோது ஸ்டூலும் இல்லை. பங்கு ஹாலை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது வண்டிகள் நிற்கின்றன.

பஸ்ஸிலிருந்தே அந்தப் பட்டியலின் கீழே கமெண்டில் கதிர் பெயரை எழுதினேன். 'கோயம்புத்தூர். சுரத்துக்கு ஒரு நூல் கீழே நின்று காக்க வைப்பவர்.' வீடு வருவதற்குள் யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: லிங்க் இருக்கிறதா?

பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். அதில் ஓர் இடம் உண்டு. மூன்றாவது பாட்டில் சோலோ வரும்போது ஆல்வின் தண்ணீர் குடிக்கத் தள்ளிப் போனான். அவன் மைக் ஸ்டாண்டில் தனியாக நின்றது. அந்த மைக்கின் வழியே கிட்டார் கேட்கிறது, பூட்டிய அறைக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பது போல. இருபத்திரண்டு நொடி. மற்ற சேனல்களை மூடிவிட்டு, என்னால் முடிந்த மட்டும் ஏற்றினேன். அந்தச் சுரம் வந்தது. எட்டாமல் நின்றது. காத்திருந்தேன்.

கேட்டவருக்கு அனுப்பவில்லை. கதிருக்கு அனுப்பினேன். மறுநாள் குரல் செய்தி வந்தது. பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"நல்லா வாசிக்கறாங்க. யாருங்க அது?"

நீங்கதான், பங்கு ஹால், ஆல்வின் மைக்கில் விழுந்தது என்று எழுதினேன். மைக் போனது என் தவறு என்றும் எழுதினேன். இரண்டாவதற்குப் பதில் இல்லை. முதலாவதற்கு மட்டும் வந்தது.

"நானுங்களா." குழாயை மூடுகிற சத்தம். "அன்னைக்குச் சத்தம் ஜாஸ்தியா வெச்சுப்போட்டனாட்ட இருக்குதுங்களே. பாவம், ஆல்வினுக்குச் சிரமமா இருந்திருக்கும்."

மறுபடி போட்டுக் கேட்டேன். அந்த இருபத்திரண்டு நொடியில் கிட்டாரைவிடச் சத்தமாகக் கேட்பது ஹாலின் மின்விசிறி. அதுவும் இப்போது இல்லை.